வாளி மாற்றும் கம்போஸ்ட் டாய்லெட் சேவை: நெருக்கமான குடியிருப்பில் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

மலத்தை வீட்டிலேயே வாளியில் பிடித்து வைத்தால், சந்தாவுக்கு ஆள் வந்து எடுத்துப்போய் மக்கவைத்துக் கம்போஸ்ட் உரமாக்குகிற சேவை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை நான் பரிந்துரைக்கிறேன். பெட்டி, இருக்கை, வாளி எல்லாம் பெரிய விஷயமே இல்லை, ஒரு நல்ல தச்சர் செய்து கொடுத்துவிடுவார். சொன்ன நாளில் ஆள் வந்து நிறைந்த வாளியை எடுத்துக்கொண்டு கழுவிய வாளியை வைத்துவிட்டுப் போகிறாரா, எடுத்துப்போனது எங்கே போய்ச் சேர்கிறது, இந்த இரண்டையும் வைத்துத்தான் நல்லதா கெட்டதா என்று முடிவு செய்யவேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் இடமும் தண்ணீரும் இல்லாத வீட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. சரியில்லை என்றால் படுக்கிற அறைக்கு அடுத்தே நிறைந்த வாளியோடு குடித்தனம் நடத்தவேண்டி வரும். அதனால் டாய்லெட்டைவிடச் சேவையைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

யாருக்காக எழுதுகிறேன் என்றால், ஒற்றை அறை வாடகை வீடு, பாதாளச் சாக்கடை வராத சந்து, பொதுக் கழிப்பறைக்கு நடந்துபோய் வரிசையில் நிற்கிற குடும்பங்கள், இவர்களுக்காக. சொந்தமாக நிலமும் தோட்டமும் இருப்பவர்களுக்கு இரண்டு தொட்டி கட்டி மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிற வகை இருக்கிறது, வியட்நாமில் 1950களிலிருந்தே அது புழக்கத்தில் உண்டு, அது தனிக் கதை. அதற்கு ஒரு தொட்டி மாதக்கணக்கில் மூடிக் கிடக்க இடம் வேண்டும், மக்கியதை அள்ளிப்போட வயலும் வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டி நிற்கிற வீடுகளில் இரண்டுக்குமே வழியில்லை.

எங்கள் வீட்டில் வைத்திருப்பது சிறுநீரைத் தனியாகப் பிரிக்கிற வகை. பிளாஸ்டிக் பூசிய ஒரு மரப்பெட்டி, மேலே உட்கார இருக்கை. இருக்கைக்கு உள்ளே முன்பக்கம் கிண்ணம் மாதிரி ஒரு தடுப்பு, சிறுநீர் அதில் விழுந்து குழாய் வழியாகத் தனி கேனுக்குப் போய்விடும். மலம் பின்பக்கமாக நேரே வாளிக்குள் விழும். முடித்ததும் ஒரு குவளை மரத்தூள் போட்டு மூடியை மூடினால் வேலை முடிந்தது. ஃபிளஷ் டாய்லெட் ஒவ்வொரு முறைக்கும் பொதுவாக 6 லிட்டர் கேட்கும், பழைய தொட்டி என்றால் 10 லிட்டருக்கு மேலும் போகும். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் அந்தத் தண்ணீரைக் குடத்தில் சுமப்பது யார்? எல்லா வீட்டிலும் பெண்கள்தான். எனக்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

நாற்றம் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஒழுங்காகப் பயன்படுத்தினால் மரத்தூள் வாசனைதான் வரும், மூடியைத் திறக்கும்போது லேசாக மண்வாடை மாதிரி ஒன்று, அவ்வளவே. பொதுக் கழிப்பறையில் கண்ணைக் கரிக்கிற அந்த வாடைக்குக் காரணம், சிறுநீரில் இருக்கிற யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைத்து அம்மோனியாவாக மாற்றுவது. மலத்தில் அந்த வேலையைச் செய்கிற நொதி ஏராளமாக இருக்கும், அதனால் இரண்டும் கலந்ததும் வாடை சீக்கிரமே கிளம்பிவிடும். பிரித்து வைத்தால் மலம் காயத் தொடங்கும், ஈக்களும் அவ்வளவாக அண்டாது. ஒருவர் ஒரு வருடத்தில் கழிக்கிற சிறுநீர் ஏறக்குறைய 500 லிட்டர், மலம் 50 லிட்டர்தான். ஆக, பிரித்துவிட்டால் வாளி நிறைய நாள் எடுக்கும், தூக்குகிறவருக்கும் சுமை குறையும்.

ஆனால் அந்தக் குழாயைக் கவனிக்கவேண்டும். எங்களுக்கு முதலில் கொடுத்தது மடிப்பு மடிப்பாக இருக்கிற மெல்லிய ஹோஸ். பெட்டிக்குப் பின்னால் அது கொஞ்சம் தொய்ந்து தொங்கியது, தொய்வில் சிறுநீர் தேங்கியது, பார்த்தால் மடிப்புகளுக்குள் வெள்ளையாக, கல் மாதிரி ஒரு படிமம். வீட்டில் வந்த வாடை முழுக்க அங்கிருந்துதான், வாளி சுத்தமாக இருந்தது. உள்பக்கம் வழவழப்பான தடித்த குழாயை வாங்கி, மேலிருந்து கீழே தொய்வில்லாமல் சரிவாகப் போகும்படி கிளிப் அடித்த பிறகு வாடை போய்விட்டது. வினிகரை வெந்நீரில் கலந்து அவ்வப்போது ஊற்றினால் படிமம் கரையும். சேவைக்காரர்கள் இதைச் சொல்லித் தரவே இல்லை. பொருத்துகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது, சொல்லியிருந்தால் பாதிப் புகார்கள் வந்தே இருக்காது என்று நினைக்கிறேன்.

அடுத்தது தூள். வாளி எடுக்க வருகிற அக்கா ஒவ்வொரு முறையும் சொல்வது ஒன்றுதான்: "தூள் போடுறதுல கஞ்சத்தனம் வேணாம்மா, மேல ஒண்ணும் தெரியக்கூடாது." மூடியைத் திறந்த உடனேயே எந்த வீடு தூள் போடுகிறது, எந்த வீடு போடவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். தூள் ஈரத்தை உறிஞ்சும், ஈ முட்டையிடாமல் தடுக்கும், இது பலருக்கும் தெரிந்தது. இன்னொரு வேலை கம்போஸ்ட் போடும் இடத்தில் இருக்கிறது. அங்கே குவியல் கிருமி சாகிற அளவுக்குச் சூடாக வேண்டுமென்றால் கார்பனும் நைட்ரஜனும் 25 முதல் 30 பங்குக்கு ஒரு பங்கு என்கிற அளவில் இருக்கவேண்டும், மலத்தில் நைட்ரஜன் கூடுதல், தூள்தான் கார்பனைக் கொண்டுவந்து அதைச் சரிக்கட்டுகிறது. மரத்தூள், உமி, காய்ந்த இலைத்தூள், எது மலிவாகக் கிடைக்கிறதோ அது போதும். சாம்பலும் போடலாம், வாடைக்கும் ஈக்கும் நல்லது, ஆனால் அதில் கார்பன் அநேகமாகக் கிடையாது, கம்போஸ்ட் ஆகப்போகிற வாளிக்கு அதை மட்டும் நம்பவேண்டாம். தூள் மூட்டையையும் சந்தாவோடு சேர்த்தே தருகிற சேவையைத்தான் எடுக்கவேண்டும். தனியாக வாங்கிக்கொள் என்றால் கை இறுக்கமான மாதத்தில் முதலில் வெட்டு விழுவது தூளுக்குத்தான், அடுத்த வாரமே ஈ வந்துவிடும்.

தண்ணீரால் கழுவுகிறவர்கள் இருக்கைக்கு மேலேயே கழுவக்கூடாது. வாளிக்குள் தண்ணீர் போனால் எல்லாம் கூழாகி, பிரித்த பலன் கெட்டுவிடும். கழுவுவதற்குத் தனி இடம், அந்தத் தண்ணீருக்குத் தனி வழி, இரண்டும் இருக்கிற மாதிரி வடிவமைத்த பெட்டியாகக் கேளுங்கள். எங்களுடையதில் பக்கத்திலேயே ஒரு தட்டு மாதிரி வைத்து வடிகால் கொடுத்திருக்கிறார்கள். குறுகலாக இருக்கிறது, வயதானவர்களுக்குத் திரும்பி உட்காருவது சிரமம். என் மாமியாருக்குச் சுவரில் ஒரு கைப்பிடி அடித்த பிறகுதான் துணையில்லாமல் போக முடிந்தது. கைப்பிடி சேவையில் கிடையாது, கேட்டும் தரவில்லை.

குழந்தைகளுக்கு இந்தப் பிரிக்கிற ஏற்பாடு பொருந்துவதே இல்லை. சின்னப் பிள்ளை முன்னால் தள்ளி உட்காரும், மலம் சிறுநீர்க் கிண்ணத்தில் விழும், அதைக் கழுவி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மேலே வைக்கிற சிறிய இருக்கை ஒன்று தனியாகக் கிடைக்கிறது, அது இருந்தால் பரவாயில்லை. வயிற்றுப்போக்கு வந்தால் தூளை இரண்டு மூன்று மடங்கு போடவேண்டும், வாளியையும் சீக்கிரம் மாற்றவேண்டும். அப்படி அவசரத்துக்குக் கூடுதல் வாளி தருவார்களா என்று சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் ரத்தம் வாளியில் போனால் ஒன்றும் ஆகாது. பேட் மட்டும் போடக்கூடாது, அதில் இருக்கிற பிளாஸ்டிக் மக்காது, பிறகு யாரோ ஒருவர் கையால் பொறுக்கி எடுக்கவேண்டும். பேட் போட மூடியுள்ள தனி டப்பா தருகிறார்களா என்பதை வைத்தே அந்த நிறுவனத்தில் பெண்களைக் கேட்டு முடிவெடுத்தார்களா இல்லையா என்று நான் கணிப்பேன்.

சரி, நல்லதைச் சொல்கிறேன். ராத்திரியில் வெளியே போகவேண்டியதில்லை. இதை அனுபவிக்காதவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. பொதுக் கழிப்பறை பூட்டியிருக்கும், சந்தில் விளக்கு இருக்காது, அதனால் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பெண்கள் எத்தனையோ பேர். அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வந்து அவதிப்படுகிறவர்களும் அதில் உண்டு. எங்கள் வீட்டில் பிள்ளைகள் இப்போது ராத்திரி யாரையும் எழுப்புவதில்லை. டாய்லெட் வந்ததில் எனக்குப் பிடித்த மாற்றம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மழைக்காலத்திலும் இதன் அருமை தெரிந்தது. தாழ்வான இடத்தில் தோண்டிய குழிக் கழிப்பறைகள் வெள்ளம் ஏறினால் பொங்கிச் சந்து முழுக்கப் பரவும், குழந்தைகள் அதில்தான் நடப்பார்கள், காலராவும் டைஃபாய்டும் பரவ அதுவே வழி. மூடி இறுகிய வாளியைத் தூக்கி மேலே வைத்துவிடலாம். குழி நிரம்பினாலும் சிக்கல்தான், உறிஞ்சும் லாரி சந்துக்குள் நுழையாது, கடைசியில் ஒரு மனிதர் இறங்கி வாளியால் அள்ளி அருகில் உள்ள ஓடையில் கொட்டுவார். அந்த வேலைக்கு எந்த மனிதரையும் இறக்கக்கூடாது. இந்தச் சேவையில் வாளி மூடியபடியே வீட்டை விட்டுப் போகிறது, யாரும் எதற்குள்ளும் இறங்குவதில்லை.

இனி குறைகள். வண்டி பழுதானபோது வரவேண்டிய நாளில் யாரும் வரவில்லை, போன் அடித்தால் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டிலும் அதே கதை. மூடியை இறுக்கி வெளியே வைத்தால் வீட்டு உரிமையாளர் சத்தம் போடுகிறார், உள்ளே வைக்க இடமில்லை. ஒரு தடவை இப்படி நடந்தாலே ஜனங்கள் நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள், இரண்டு வீடுகள் அப்போதே சந்தாவை நிறுத்திவிட்டன, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இப்போது தாமதமானால் முன்கூட்டியே குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள், கையிருப்பாக ஒரு காலி வாளியும் எல்லா வீட்டுக்கும் கொடுத்திருக்கிறார்கள். இதை முதல் நாளிலிருந்தே செய்திருக்கவேண்டும்.

எடுக்க வருகிறவர்களுக்குக் கையுறை, பூட்ஸ் இருக்கிறது. தூக்குவதற்குப் பதிலாகத் தள்ளுவண்டியும் இருக்கிறது, ஆனால் படி ஏறுகிற வீடுகளில் தோளில்தான். அக்காவிடம் தடுப்பூசி போட்டார்களா என்று கேட்டேன், ஹெபடைட்டிஸுக்கும் டெட்டனஸுக்கும் போட்டார்கள் என்றார். நீங்களும் கேளுங்கள், தயங்கவேண்டாம். நம் வீட்டு வேலை மிச்சமாவதற்காக இன்னொருவர் உடம்பு கெடக்கூடாது. வாளியை அவர் கையில் கொடுப்பதற்கு முன்னால் மூடி இறுகியிருக்கிறதா, வெளிப்பக்கம் துடைத்திருக்கிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

அப்புறம் எடுத்துப்போனது எங்கே போகிறது? இதைக் கேட்காமல் சேரவே கூடாது. வாளிக்குள் மலம் கொஞ்சம் காய்வதோடு சரி, கிருமி சாவது வெளியே போடுகிற குவியலில்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல் குவியல் முழுவதும் குறைந்தது ஒரு வாரமாவது 50 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகவேண்டும் என்கிறது. சூடேற்றாமல் சும்மா சேமித்து வைப்பதென்றால் 20 முதல் 35 டிகிரி வெப்பமுள்ள இடங்களில் ஒரு வருடத்துக்கும் மேல், அதைவிடக் குளிரான இடங்களில் ஒன்றரை முதல் இரண்டு வருடம். இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், குடலில் வாழ்கிற உருண்டைப் புழுவின் முட்டை. அதன் தடித்த ஓடு மண்ணில் வருடக்கணக்கில் தாங்கும், அதைக் கொல்கிற அளவு கவனமாகச் செய்தால் மற்ற நோய்க்கிருமிகள் பெரும்பாலும் அதற்கு முன்பே போய்விடும். நான் நேரில் போய்ப் பார்த்தேன், குவியலுக்குள் நீளமான தெர்மாமீட்டர் செருகியிருந்தது, தேதி போட்டு வெப்பத்தை எழுதிய நோட்டு ஒன்று பக்கத்தில் தொங்கியது, எந்தக் குவியல் எப்போது தொடங்கியது என்று பலகையும் இருந்தது. அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. காட்ட மறுக்கிற நிறுவனத்தில் சேராதீர்கள்.

இது நடக்கிற காரியம்தானா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஹெய்தியைக் காட்டுவேன். அங்கே சாயில் என்கிற அமைப்பு 2006-ல் தொடங்கியது, கேப் ஹெய்ஷியன் நகரத்தில் எகோலகாய் என்ற பெயரில் வீடுகளுக்கு இதே மாதிரி வாளி மாற்றும் சேவை நடத்துகிறது. தூளாகப் பயன்படுத்துவது கரும்புச் சக்கையும் வேர்க்கடலைத் தோலும், எடுத்ததை மாதக்கணக்கில் கம்போஸ்ட் ஆக்கி விவசாயத்துக்கு விற்கிறார்கள். 2010-ல் காலரா வந்து அந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் உயிர்கள் போயின, அப்படிப்பட்ட ஊரில் மலத்தைத் தெருவுக்கு வராமல் பிடித்து வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

தோற்ற கதைகளும் உண்டு, அவற்றையும் தெரிந்துகொள்ளவேண்டும். சீனாவின் உள் மங்கோலியாவில், டோங்ஷெங் நகரத்தில், அடுக்குமாடிக் கட்டடங்களில் 800-க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இப்படிப் பிரிக்கிற உலர் டாய்லெட் போட்டார்கள். குழாய்களும் காற்றுப்போக்கும் சரியாக அமையாமல் நாற்றம் வந்தது, பழுது பார்ப்பதும் ஓயவில்லை, கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஃபிளஷ் டாய்லெட் வைத்தார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் மாநகராட்சி 75,000-க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இரண்டு தொட்டி வகையைக் கட்டிக் கொடுத்தது. 2000-ல் அந்தப் பகுதியில் காலரா பரவிய பிறகு எடுத்த நல்ல முயற்சி, தண்ணீர் வசதியும் சேர்த்தே கொடுத்தார்கள். ஆனால் தொட்டியைக் காலி செய்கிற வேலையை வீட்டுக்காரர்கள் தலையிலேயே வைத்தார்கள், பலருக்கு அது பிடிக்கவில்லை, நகரத்துக்குள் இருக்கிறவனுக்கு ஃபிளஷ், எங்களுக்கு மட்டும் இதுவா என்கிற மனத்தாங்கலும் இருந்தது. பிறகு மாநகராட்சியே காலி செய்கிற பொறுப்பை எடுத்துக்கொண்டது. அந்த மனத்தாங்கல் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஏழைகளுக்கு இது போதும் என்று தள்ளிவிடுகிற தொனியில் கொடுத்தால் எந்த டாய்லெட்டும் நிற்காது. தண்ணீர்ப் பஞ்சம் எல்லோருக்கும் வரப்போகிறது, வசதியானவர்களும் இதைப் பயன்படுத்தவேண்டும்.

சிறுநீர் விஷயத்தில் எங்கள் சேவைக்கு நான் குறைந்த மதிப்பெண்தான் கொடுப்பேன். நாம் கழிக்கிற நைட்ரஜனில் பெரும்பகுதியும், பாஸ்பரஸில் பாதிக்கு மேலும் சிறுநீரில்தான் போகிறது. அதைச் சேகரித்தால் அருமையான உரம், ஆனால் கேன் கனம், எடுத்துப்போனால் கட்டுப்படியாகாது என்று எங்களுக்கு உறிஞ்சு குழிதான் போட்டுக் கொடுத்தார்கள். பத்து வீட்டுக்கு இது பரவாயில்லை, பத்தாயிரம் வீடு நெருக்கமாக இருக்கிற இடத்தில், நிலத்தடி நீர் மேலாக இருந்தால் கிணற்றில் நைட்ரேட் ஏறும். இதைப் பற்றிக் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அந்தப் பதில் எனக்குத் திருப்தி இல்லை, அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.

சந்தா பற்றி ஒரு வார்த்தை. மாதாமாதம் கட்டுகிற பணம் பொதுக் கழிப்பறைக்குக் குடும்பமே கொடுக்கிற காசோடு ஒப்பிட்டால் தாங்கக்கூடியதுதான். ஆனால் குடும்பங்கள் கட்டுவதை மட்டும் வைத்து இந்த மாதிரிச் சேவை பெரும்பாலும் முழுச் செலவையும் ஈடுகட்டுவதில்லை, உரம் விற்று வருகிற பணமும் கொஞ்சம்தான். பாதாளச் சாக்கடைக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் அரசுப் பணம் போகிறது, சாக்கடை வராத வீட்டு வாளிக்கும் அந்தப் பணத்தில் பங்கு வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை. 2022 கணக்குப்படி பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் கழிப்பிட வசதி இல்லாதவர்கள் உலகத்தில் 350 கோடி பேர், அத்தனை பேருக்கும் குழாய் பதித்து முடிக்கும்வரை காத்திருக்கச் சொல்ல முடியுமா?

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு வசதி, தோண்டவேண்டாம், கட்டவேண்டாம், வீடு மாறினால் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போகலாம். உரிமையாளர் அனுமதி மட்டும் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். வாளி வெளியே வைக்கிற இடத்தையும் பேசிவிடுங்கள், தகராறு எல்லாம் அங்கேதான் வருகிறது. காற்றுக்குழாய் வைப்பதாக இருந்தால் கூரைக்கு மேலே உயர்த்தி, முனையில் வலை கட்டச் சொல்லுங்கள், குழாய் முனை பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராக இருந்தால் உங்களுக்கு வாடை தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று சிறுநீருக்கும், தாமதமான நாட்களில் போன் எடுக்காததற்கும். உங்கள் பகுதியில் ஏற்கெனவே பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைக்கிறதென்றால் அதையே எடுங்கள், தண்ணீரும் ஒழுங்காக வருகிறதென்றால் இது உங்களுக்கு வேண்டியதில்லை. கிடைக்காதவர்கள் சேருவதற்கு முன்னால் ஏற்கெனவே பயன்படுத்துகிற இரண்டு மூன்று வீடுகளுக்குப் போய், வாளி எடுக்கிற நாளுக்கு முந்தின நாள் மூடியைத் திறந்து பாருங்கள், சேவை எப்படி என்று அப்போதே தெரிந்துவிடும்.